கேளாச் செவியும் பொறாச் செவியும்: கோலார் தங்க வயலை முன்னிட்டு ஒரு பாடம்

கண்ணுக்கு இமை உண்டு; செவிக்கு அஃதில்லை. உறக்கத்திலும் செவி திறந்தே கிடக்கின்றது. பேரொலி எழும்போது நடுச்செவியிலுள்ள ஒரு சிறு தசை சுருங்கி, அங்கவடி எலும்பின் அசைவைச் சற்றே தளர்த்துவது உண்மைதான். ஆயினும் அத்தசை செயற்படத் தொடங்குமுன் நொடியின் நூற்றில் சில பங்குகள் கழிந்துவிடுகின்றன. வெடியின் ஓசையோ அதற்குள் உட்செவியை எட்டிவிடுகின்றது. இடைவிடாது ஒலிக்கும் பொறியின் இரைச்சலில் அத்தசை விரைவிற் சோர்ந்தும் போகின்றது. ஆதலின், பேரொலியினின்று செவியைக் காக்கும் பொறுப்பை இயற்கை பெரும்பாலும் மனிதனிடமே விட்டுவிட்டது எனலாம்.

இவ்வுண்மையை விளக்குவதற்குக் கோலார் தங்க வயலைவிடப் பொருத்தமான ஊர் தென்னாட்டில் வேறில்லை. 1880-ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனியார் அங்கே புதிய முறையிற் சுரங்கம் தோண்டத் தொடங்கினர். 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. இடைப்பட்ட காலத்தில் வட ஆர்க்காடு முதலிய தமிழ் மாவட்டங்களிலிருந்து சென்று குடியேறியவர்களே நிலத்தடி வேலையின் பெரும் பகுதியைச் செய்தனர். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. அவ்வாழத்தில் பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியசைத் தாண்டும்.

அங்கே செவியில் விழுந்த ஒலிகள் எத்தகையன? முதலாவது, அழுத்தக் காற்றினால் இயங்கும் துளைப்பொறியின் ஒலி. இவ்வகைப் பொறிகள் பொதுவாக 110 டெசிபெல்லுக்கு மேல் ஒலிப்பன. திறந்த வெளியில் ஒலி பரவித் தேய்ந்துவிடும். தூரம் இரட்டிக்குந்தோறும் ஏறக்குறைய 6 டெசிபெல் குறையும். குறுகிய குகைவழியிலோ பாறைச் சுவர்கள் ஒலியைத் திருப்பித் திருப்பி எறிவதால் அவ்வாறு தேய்வதற்கு இடமில்லை. இரண்டாவது, வெடிமருந்தின் ஓசை. மூன்றாவது, மேற்பரப்பில் தாதுக்கல்லை இடித்துத் தூளாக்கிய ஆலைகளின் ஓசை. இவற்றோடு, ஆழ்ந்த சுரங்கத்தில் அழுத்தம் தாளாமற் பாறை தானாகவே வெடித்துச் சிதறும் நிகழ்ச்சியும் அவ்வூரில் அடிக்கடி நேர்ந்தது. அதன் அதிர்ச்சி நிலநடுக்கம் போன்று வீடுகள் வரை உணரப்பட்டதாகும்.

டெசிபெல் என்னும் அளவு சாதாரணக் கூட்டல் கணக்கைப் பின்பற்றுவதன்று என்பதை ஆசிரியர்கள் மாணவர்க்கு வற்புறுத்திச் சொல்லவேண்டும். 10 டெசிபெல் கூடினால் ஒலியின் செறிவு பத்து மடங்காகின்றது. 3 டெசிபெல் கூடினாலே ஏறக்குறைய இரு மடங்காகின்றது. இந்தியத் தொழிற்சாலை விதிகள் நாளொன்றுக்கு எட்டு மணி நேரத்திற்கு 90 டெசிபெல் என வரம்பு வகுத்தன; 100 டெசிபெல் எனில் இரண்டு மணி நேரமே; 115 டெசிபெல் எனில் கால் மணி நேரமே. துளைப்பொறியின் பின்னே ஒரு முறை வேலை முழுவதும் நின்றவருடைய செவி என்ன பாடுபட்டிருக்கும் என்பதை இக்கணக்கிலிருந்தே அறியலாம்.

சுரங்கத் தொழிலாளரின் நுரையீரலைப்பற்றி 1940-களிலேயே கோலாரில் விரிவான பரிசோதனை நடைபெற்றது. பரிசோதிக்கப்பட்டோருள் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்டோரிடம் சிலிக்கோசிஸ் என்னும் தூசு நோய் காணப்பட்டது. தூசைத் தணிக்க, துளையிடும்போதே நீரைப் பாய்ச்சும் முறை உலகெங்கும் சுரங்கங்களிற் பரவியது. நீர் தூசை அடக்கும், ஓசையை அடக்குவதில்லை. நுரையீரல் பெற்ற கவனத்தைச் செவி பெறுவதற்கு நெடுங்காலம் ஆயிற்று. செவிட்டினால் எவரும் இறப்பதில்லை என்பதே அத்தாமதத்திற்குக் காரணம் போலும். இத்தனைக்கும் செய்தி புதிதன்று. செம்பு தட்டும் தொழிலாளர் செவிடாவதை இத்தாலிய மருத்துவர் இராமசினி பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே எழுதிவைத்தார். 1886-இல் கிளாஸ்கோ நகரில் தாமஸ் பார் என்பவர் கொதிகலன் செய்யும் தொழிலாளர் நூற்றுவரைச் சோதித்து, அவர்களுள் ஒருவருக்கேனும் இயல்பான கேட்கும் திறன் இல்லையெனக் கண்டார். இந்தியாவில் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையில் இரைச்சலால் நேரும் செவிக்குறை பிற்காலத்திலேயே சேர்க்கப்பட்டது. 1990-இல் கோலார் தங்க வயலில் சுரங்கத் தொழிலாளர் நலவாழ்வுக்கெனத் தேசிய நிறுவனம் ஒன்று தோன்றிற்று. 2019-இல் அது தேசியத் தொழில்சார் நலவாழ்வு நிறுவனத்தோடு இணைக்கப்பட்டது. சுரங்கமோ அதற்கு முன்பே மூடப்பட்டுவிட்டது; செவிகள் மட்டும் ஊரில் எஞ்சி நின்றன.

உட்செவியில் நடப்பது

உட்செவியில் நத்தையின் ஓடு போலச் சுருண்ட ஒரு குழல் உள்ளது. அதனுள் மயிரிழைகளைத் தாங்கிய நுண்ணிய உயிரணுக்கள் வரிசையாக அமைந்துள்ளன. உள்வரிசையில் உள்ளவை சுமார் 3,500. வெளிவரிசைகளில் உள்ளவை சுமார் 12,000. உள்வரிசை அணுக்களே ஒலிச் செய்தியை நரம்பிற்கு அனுப்புகின்றன. வெளிவரிசை அணுக்களின் தொழில் வேறு. அவை மெல்லிய ஒலியைப் பெருக்கித் தருகின்றன; பேரொலியை அவ்வாறு பெருக்குவதில்லை. இந்த ஏற்பாட்டினாலேதான் இலை உதிரும் ஓசை முதல் மேளத்தின் முழக்கம் வரை எல்லாவற்றையும் ஒரே செவியால் கேட்க முடிகின்றது.

பேரிரைச்சலில் முதலில் மடிவன இவ்வெளிவரிசை அணுக்களே. மடிந்தவை மனிதனிடத்தில் மீண்டும் முளைப்பதில்லை. கேட்கும் திறன் எல்லாச் சுருதிகளிலும் ஒரே சீராகக் குறைவதும் இல்லை. 4,000 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணை ஒட்டியே முதலில் பள்ளம் விழுகின்றது. அதனால் நேரும் விளைவைத் தமிழ்ச் சொற்களைக் கொண்டே எளிதாக விளக்கலாம். உயிரொலிகள் பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வெண்களில் அமைவன, அவை கேட்கும். 'காசு' என்னும் சொல்லிலுள்ள சகரத்தின் சீறல் மிக உயர்ந்த அதிர்வெண்ணில் அமைவது; அது கேளாது. ஆகவே 'காசு' எது, 'காது' எது, 'பசி' எது, 'பதி' எது என்று தெரியாமற் போகின்றது. பேச்சு நடப்பது தெரியும். சொல் மட்டும் பிடிபடாது. முதியவர் பொருந்தா விடை கூறுவதைக் கேட்டு வீட்டார் நகைப்பதும், தமக்கு வேண்டியது மட்டும் அவர் காதில் விழுகிறது என்று குறை கூறுவதும் இதனால்தான். அவர் நடிக்கவில்லை. ஒலியின் ஒரு பகுதி அவருக்கு உண்மையாகவே வந்து சேர்வதில்லை.

இதனினும் வியப்பான செய்தி ஒன்று உண்டு. பழுதுற்ற செவி மெல்லிய ஒலியைக் கேட்பதில்லை. ஆனால் பேரொலியைப் பொறுத்துக்கொள்வதும் இல்லை. இயல்பான செவி 0 டெசிபெல் அளவில் கேட்கத் தொடங்கி, 100 டெசிபெல் அளவில் துன்புறத் தொடங்குவதாகக் கொள்வோம். பழுதுற்ற செவி 60 டெசிபெல்லில்தான் கேட்கத் தொடங்குகின்றது. துன்புறும் எல்லையோ அதே 100-இல் நிற்கின்றது. நூறு படி ஏறவேண்டிய மாடியை நாற்பதே படிகளில் ஏறுவது போல, ஒலி சற்றே உயர்ந்தாலும் பழுதுற்ற செவிக்கு அது பேரேற்றமாகத் தோன்றுகின்றது. இதனாலேதான் அம்முதியவர் முதலில் "என்ன, கேட்கவில்லை" என்கிறார், குரலை உயர்த்தினால் உடனே "ஏன் கத்துகிறாய்?" என்று வெகுளுகிறார். இரண்டும் உண்மையே. அவரிடம் உரக்கப் பேசுவதால் பயனில்லை. எதிரே நின்று, முகம் காட்டி, தெளிவாகவும் சற்று நிதானமாகவும் பேசவேண்டும். செவிக்கருவியும் எல்லா ஒலியையும் ஒரே மடங்காகப் பெருக்குவதாக இருத்தல் கூடாது. மெல்லொலியை மிகுதியாகவும் வல்லொலியைக் குறைவாகவும் பெருக்குமாறு அவரவர் செவிக்கேற்பப் பொருத்தப்படவேண்டும். கடையில் வாங்கிய மலிவான ஒலிபெருக்கி ஒரே வாரத்தில் பெட்டிக்குள் முடங்கிக் கிடப்பதன் காரணம் இதுவே.

2009-இல் அமெரிக்காவில் எலிகளைக்கொண்டு நடத்திய ஆராய்ச்சி மேலும் ஓர் உண்மையை வெளிப்படுத்தியது. பேரொலிக்குப்பின் செவி சில நாளில் தேறிவிட்டதாகச் சோதனை காட்டினும், மயிரணுவும் நரம்பும் கூடும் இணைப்புகள் பல நிலையாக அழிந்துபோவதுண்டு. சோதனைத்தாளில் 'இயல்பு' என்று எழுதப்பட்ட செவியும் சந்தடியிற் பேச்சைப் பிரித்தறிய இயலாது தவிப்பதற்கு இது ஒரு காரணமாகலாம் என ஆராய்ச்சியாளர் கருதுவர்.

பொறாச் செவி

இனி, வேறொரு வகைச் செவியைக் காணவேண்டும். அது சுரங்கத்தில் பழுதுற்றதன்று, பிறவியிலேயே அமைந்தது. ஆட்டிசம் என்னும் இயல்புடையோர் பலருக்கு ஒலி தாங்கவொண்ணாத துன்பம் தருகின்றது. அவர்களுட் பாதிப்பேர் அளவினரோ அதற்கு மேற்பட்டோரோ வாழ்நாளில் ஏதேனும் ஒரு காலத்தில் இத்துன்பத்தை அடைகின்றனர் என்பது ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியோர் முடிபாகும்.

1943-இல் லியோ கானர் பதினொரு குழந்தைகளைப்பற்றி எழுதிய கட்டுரையே ஆட்டிசத்தைத் தனி நிலையாக வரையறுத்தது. அக்குழந்தைகளிற் சிலர் செவிடர் என்றே முதலில் ஐயுறப்பட்டனர், அழைத்தால் திரும்புவதில்லை. ஆனால் அவர்களே தூசு உறிஞ்சும் பொறி முதலியவற்றின் ஓசைக்கு அஞ்சி நடுங்கினர். கானர் கூர்ந்து கண்ட மற்றொன்றும் உண்டு. அதே குழந்தை தானாக அதற்கு நிகரான ஓசையை மகிழ்ச்சியோடு எழுப்பும். ஆகவே ஒலியின் அளவு மட்டுமன்று, அது பிறரிடமிருந்து எதிர்பாராமல் வந்து புகுவதும் துன்பத்திற்குக் காரணமாகும். இவ்வளவு தெளிவாகக் குறிக்கப்பட்டிருந்தும், புலனுணர்வின் மிகையும் குறையும் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோயறி நூலில் ஆட்டிசத்தின் அடையாளங்களுள் ஒன்றாக இடம்பெற்றது 2013-இல்தான்.

குழந்தைகள் பெரியவராகின்றனர் என்பதை ஆட்டிசம் பற்றி எழுதுவோர் பலரும் மறந்துவிடுகின்றனர். இந்தியாவில் 1999-இல் இயற்றப்பட்ட தேசிய அறக்கட்டளைச் சட்டத்திலும், பின்னர் 2016-ஆம் ஆண்டு மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டத்திலும் ஆட்டிசம் இடம் பெற்றது. அதற்கு முன் வளர்ந்தவர்கள் பெயரிடப்படாமலே வளர்ந்தனர். 1980-ஐ ஒட்டிக் கோலார் தங்க வயலிற் பிறந்த ஒருவர் இத்தகைய செவியோடு வளர்ந்திருப்பின், சுரங்க ஊரின் ஓசைகளுக்கு நடுவே 'பயந்தாங்கொள்ளி', 'பிடிவாதக்காரன்' என்னும் பட்டங்களையே பெற்றிருப்பார்.

ஆட்டிசம் உடைய பெரியவருள் பெரும்பாலோர்க்கு உட்செவி நலமாகவே இருக்கும். வேறுபாடு மூளை ஒலியைக் கையாளும் முறையிற் காணப்படுகின்றது. இயல்பாக, திரும்பத் திரும்ப வரும் ஒலியை மூளை சிறிது நேரத்தில் பொருட்படுத்தாது விட்டுவிடும். மின்விசிறியின் ஓசை யார் நினைவிலும் நிற்பதில்லை. ஆட்டிசம் உடையோர் பலரிடத்தில் இப்பழக்கமடைதல் மெதுவாகவோ குறைவாகவோ நிகழ்கின்றது. விசிறி, குழாயிற் சொட்டும் நீர், அண்டை வீட்டுப் பேச்சு, தெருவின் வண்டி ஆகிய எல்லாம் ஒரே முன்னுரிமையோடு ஒருங்கே வந்து மோதுகின்றன. இறுதியில் அவர் பேச்சிழந்து அமர்ந்துவிடுவார், அல்லது எழுந்து ஓடிவிடுவார். அமெரிக்காவில் கால்நடை அறிவியற் பேராசிரியராக விளங்கும் டெம்பிள் கிராண்டின் அம்மையார் ஆட்டிசம் உடையவர். பள்ளி மணியோசை, பல் மருத்துவரின் துளைக்கருவி நரம்பிற் பட்டாற்போன்ற வலியைத் தந்ததாக அவர் எழுதியுள்ளார். மணியடிக்கும்போதெல்லாம் காதைப் பொத்திக்கொள்ளும் மாணவனை ஆசிரியர் கண்டால், ஒழுங்கீனம் என்று கருதுமுன் இதனை எண்ணிப்பார்த்தல் நலம்.

பொறாமையிலும் வகை உண்டு. எல்லா ஒலியும் அளவுக்கு மீறிப் பெரிதாய்க் கேட்பது ஒன்று. மெல்லும் ஓசை, மூக்கை உறிஞ்சும் ஓசை போன்ற குறித்த சில ஒலிகள் மெல்லியனவாயினும் கடுஞ்சினத்தை மூட்டுவது மற்றொன்று. ஒலி வருமோ என்னும் அச்சமே நோயாவது வேறொன்று. மூன்றும் ஒருவரிடமே கலந்திருத்தலும் கூடும். பழுதுற்ற செவியும் ஆட்டிசமும் ஒருவரிடமே சேர்ந்திருப்பதும் அரிதன்று. அவருக்குக் கேளாமை ஒரு துன்பம், பொறாமை மற்றொரு துன்பம், காதினுள் ஓயாத ரீங்காரம் மூன்றாவது துன்பம்.

களத்திற் செய்யவேண்டுவன

கள ஊழியர் கருவி எதுவுமின்றிச் செய்யத்தக்க சோதனை ஒன்று உண்டு. சோதிக்கப்படுபவரின் பின்னே கைநீளத் தொலைவில் நின்று, அவருடைய ஒரு செவித்துளையை அவரையே விரலால் மூடித் தேய்த்துக்கொண்டிருக்கச் செய்து, மூச்சை முழுதும் வெளிவிட்டபின் மூன்று எழுத்துகளையோ எண்களையோ கிசுகிசுத்து, அவற்றைத் திருப்பிச் சொல்லச் செய்யவேண்டும். தவறின் வேறு மூன்றைக் கூறவேண்டும். ஆறில் மூன்றேனும் சரியாயிருப்பின் அச்செவி தேறியதெனக் கொள்ளலாம். இல்லையேல் செவிச் சோதனைக்கு அனுப்பவேண்டும். ஆட்டிசம் உடையவரிடத்தில் இதனைச் செய்யுமுன் முழுமையாக விளக்கி இசைவு பெறவேண்டும். அறிவிப்பின்றி அவர் முதுகுப்புறம் சென்று நிற்பதே அவருக்குப் பெருந்துன்பம். பொறாமையைச் 'சோதிப்பதற்காக'க் கைதட்டியோ தட்டைக் கீழே போட்டோ பார்த்தல் அறியாமை மட்டுமன்று, கொடுமையும் ஆகும். மூன்று நாட்களுக்குள் ஒரு செவி திடீரெனக் கேளாமற் போயின் அஃது அவசர நோய். காது மருத்துவரிடம் அன்றே அனுப்பவேண்டும்.

செவிச் சோதனையின் முடிவு இயல்பாக இருந்தால் துன்பமும் இல்லையென்று முடிவு கட்டுதல் தவறு. அச்சோதனை எவ்வளவு மெல்லிய ஒலி கேட்கின்றது என்பதையே அளக்கின்றது. எவ்வளவு வல்லொலி பொறுக்கின்றது என்பதை அளக்க வேறு சோதனை உண்டு. அதனைப் பயிற்சி பெற்ற செவியியலாரே செய்யவேண்டும். கோலாரைச் சார்ந்தோர்க்கு மைசூரில் 1965-இல் நிறுவப்பட்ட அகில இந்தியப் பேச்சு, கேட்பு நிறுவனம் இத்துறையில் முதன்மையான இடமாகும்.

சுரங்கத் தொழிலாளர்க்கெனக் கட்டப்பட்ட வரிசை வீடுகளில் சுவர் ஒன்றே இரு குடும்பத்திற்கும் பொதுவாயிருக்கும், அறைகளோ சிறியன. அத்தகைய வீடொன்றில் ஓய்வு பெற்ற துளைப்பொறித் தொழிலாளரான தந்தையும், ஆட்டிசம் உடைய நாற்பது வயது மகனும் வாழ்கின்றனர் எனக் கொள்வோம். தந்தைக்குத் தொலைக்காட்சியின் ஒலியை உயர்த்தினாலன்றிச் செய்தி விளங்காது. உயர்த்தினால் மகனுக்கு அவ்வீட்டில் இருக்கமுடியாது. மகன் சினந்து அதனை அணைக்கின்றார். தந்தை, மகன் தம்மை மதிப்பதில்லை என்று அண்டை அயலாரிடம் குறைபட்டுக்கொள்கின்றார். கள ஊழியர் இருவருள் எவர் பக்கம் நிற்பது? இருவர் செவியும் உண்மையையே கூறுகின்றன. தொலைக்காட்சியின் ஒலியை நேரே தந்தையின் செவிக்குக் கொண்டுசெல்லும் செவியணி ஒன்று இவ்வழக்கை அறிவுரையைவிட விரைவாகத் தீர்க்கும். அதில் ஒலி எல்லை மீறாதவாறு வரம்பும் வைத்துக்கொள்ளலாம். எஞ்சியவற்றை நேரம் வகுத்துத் தீர்க்கலாம். எப்பொழுது ஒலி வரும், எப்பொழுது நிற்கும் என்று முன்னரே தெரிந்தால் மகன் தாங்கும் அளவு கூடுகின்றது என்பது கானர் கண்ட உண்மையோடு இயைவதே.

காதடைப்பான் பற்றி ஓர் எச்சரிக்கை வேண்டும். பஞ்சுத்திரி ஒலியைத் தடுப்பது மிகக் குறைவு. மெத்தென்ற நுரையடைப்பான் முறையாகச் சுருட்டிச் செருகப்பட்டாலே பயன் தரும். வெடி, ஊர்வலம், இரயில் நிலையம் போன்ற இடங்களில் அதனை அணிவது தக்கதே. ஆனால் அமைதியான வீட்டிலும் நாள் முழுதும் அணிந்திருத்தல் நன்றன்று. 2003-இல் வெளியான ஓர் ஆய்வில், நலமான செவியுடையோர் இரண்டு வாரம் காதடைப்பான் அணிந்திருந்தபின் ஒலிகள் அவர்க்கு முன்னினும் உரத்துக் கேட்டன. அதே காலம் மெல்லிய ஓசையைக் கேட்டுக்கொண்டிருந்தோர்க்கு ஒலி பொறுக்கும் அளவு உயர்ந்தது. ஒலி குறைந்தால் மூளை தன் பெருக்கத்தைக் கூட்டிக்கொள்கின்றது போலும். இதனை ஆதாரமாகக் கொண்டு, "பழகிவிடும்" என்று ஆட்டிசம் உடையவரைப் பேரிரைச்சலில் வலிந்து தள்ளுதலும் கூடாது. ஆய்விற் பயன்பட்டது மெல்லிய ஓசையேயன்றி மேளக்கச்சேரி அன்று.

பள்ளிகளிலும் பணியிடங்களிலும் சிறு மாற்றங்களே போதும். நாற்காலிக் கால்களில் ரப்பர் உறை, மணிக்கு மிக அருகிலன்றி ஒதுங்கிய இருக்கை, வாய்ச்சொல்லோடு எழுத்திலும் பணிக்குறிப்பு, இடையிடையே அமைதியான இடத்திற்குச் செல்ல இசைவு என்பன அவற்றுட் சில. சுரங்கம் மூடியபின் கோலார் தங்க வயலிலிருந்து பலர் நாள்தோறும் இரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று மீள்கின்றனர். ஒலி பொறாதவர்க்கு வேலையைவிடப் பயணமே கடினம். நெரிசல் தொடங்குமுன் புறப்படும் வண்டியில் வருவதற்கேற்ப வேலை நேரத்தை ஒரு மணி மாற்றித்தர முதலாளி இசைந்தால், அவர் அவ்வேலையில் நிலைத்துவிடக்கூடும்.

தெருவின் ஓசைக்குச் சட்டத்தில் இடம் உண்டு. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியிற் பகலில் 55 டெசிபெல், இரவில் 45 டெசிபெல் வரம்பாகும். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி பொதுவாகத் தடுக்கப்பட்டுள்ளது. வெடிக்கும் பட்டாசின் ஒலி 4 மீட்டர் தொலைவில் 125 டெசிபெல்லைத் தாண்டலாகாது. இவ்வெல்லையே செவிக்கு மிகையானது என்பதை மேற்கூறிய கணக்கு காட்டும். திருவிழாவுக்கு முன்பே குழுவினரைக் கண்டு, ஒலிபெருக்கிக் குழாயை ஒரு வீட்டின் சன்னலிலிருந்து வேறு திசைக்குத் திருப்பச் சொல்வதில் எவருக்கும் மனத்தாங்கல் நேர்வதில்லை. விழா நடுவே சென்று கேட்டால் நேரும்.

சான்றிதழ் பெறுவதில் இருவர் வழியும் வேறு. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் இரு செவியிலும் பேச்சொலி அதிர்வெண்களில் 70 டெசிபெல் இழப்புடையவரைக் காது கேளாதவர் என்றும், 60 முதல் 70 வரை இழப்புடையவரைக் கேட்கும் திறன் குறைந்தவர் என்றும் வகுக்கின்றது. 4,000 ஹெர்ட்ஸில் மட்டும் ஆழ்ந்த பள்ளமுடைய முதிய தொழிலாளர் இவ்வரம்பினுள் வாராது போகலாம். அவர்க்கும் செவிக்கருவி பயன்படும் என்பதைக் கள ஊழியர் எடுத்துச்சொல்ல வேண்டும். ஆட்டிசம் உடையவர் செவிக்குறை என்னும் பிரிவில் விண்ணப்பித்தால், செவித்தாள் இயல்பாக இருப்பது கண்டு திருப்பி அனுப்பப்படுவார். அவர் விண்ணப்பிக்கவேண்டிய பிரிவு ஆட்டிசமே. அங்கே காத்திருக்கும் கூடத்தின் சந்தடியே அவரை மதிப்பீட்டுக்கு முன் சோர்வடையச் செய்துவிடும். ஆதலின், உடன் செல்லும் ஊழியர் முதல் ஆளாக நேரம் கேட்டு வைப்பதும், அவர் வெளியே மரநிழலிற் காத்திருக்க, முறை வந்ததும் சென்று அழைத்துவருவதும் நன்று.